பஞ்சநதம் பெல்ட் வண்டி வரவழைத்த படலம்

அரசலாறு தழுவும் வளநாட்டிலே, சுவாமிமலைக்குக் கூப்பிடு தூரத்திலே, பிள்ளையார் கோயில் சந்தின் மூன்றாம் இல்லத்தில் வீற்றிருப்பவரும், முப்பத்தாறு ஆண்டுகள் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தியே குன்றெனத் திரண்ட வலத்தோளை உடையவரும், மீசை நரைத்தும் ரோஷம் நரைக்காதவருமான பஞ்சநதம் என்னும் பெருவீரரின் புகழை விரித்துரைக்கப் புகுகின்றோம். சொல் இடறாமல் கலைமகள் காக்க. டயர் வெடிக்காமல் சந்துப் பிள்ளையார் காக்க. வாழ்க அவர் கொற்றம். வாழ்க அவர் செங்கையில் திகழ்ந்த, கண்ணாடி நாலாய்க் கீறிய கைபேசி.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சூர்யபிரகாஷ், காலாண்டு விடுமுறையில் குடும்பம் முழுவதையும் அங்கே வரவழைத்து, மனிதரைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு அலறவைத்து அதற்கு நுழைவுச்சீட்டும் கிழிக்கின்ற மாபெரும் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்துவிட்டான். "திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வந்துடுங்கப்பா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு விமானம். காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும். அதில் பஞ்சநதம், அவர்தம் இல்லக்கிழத்தி ஆனந்தவல்லி, மருமகள் அனுராதா, எட்டு வயதுப் பேத்தி வானதி என நால்வரும் நான்கு பெட்டிகளும் ஏற வேண்டும். இவ்வளவுதான் காரியம். சும்மா ஒரு வண்டி.

அந்தச் சும்மாவுக்குள்தான் நஞ்சு இருந்தது. ஆனந்தவல்லியின் அண்ணன் ரெத்தினம் அடுத்த தெருவில் குடியிருந்தார். அவரிடம் ஏழு பேர் அமரும் வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. பஞ்சநதத்தின் வீட்டில் கல்யாணம் என்றாலும் காய்ச்சல் என்றாலும் அந்த வெள்ளை வண்டிதான் வந்து நிற்கும். வந்து நிற்பதோடு போகுமா? போன பிறகும் வருஷக்கணக்கில் அது வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். "அன்னிக்கு மட்டும் எங்க அண்ணன் வண்டி இல்லேன்னா" என்று ஆனந்தவல்லி ஆரம்பித்தால் சாம்பார் ஆறும், ரசம் ஆறும், வாக்கியம் முடியாது. அந்த அரைவாக்கியம் அம்பாகத் தைத்துத் தைத்துச் சல்லடையாகிப் போன மார்பு நம் வீரருடையது.

ஆகவே, மகனின் ஆணை வந்த அன்று மதியம், மோர்ச் சோற்றின் முன்னே, இடக்கையால் மீசையை நீவி அவர் சூளுரைத்தார்.

"இந்தத் தடவை வண்டி நான் புடிப்பேன். மச்சான் வண்டியில ஏற மாட்டேன். ஏறினா என் பேரு பஞ்சநதம் இல்ல."

"வேற என்ன பேரு வச்சுக்கறதா உத்தேசம்? பாஸ்போர்ட்டுல மாத்தணும்ல" என்றாள் ஆனந்தவல்லி, ஊறுகாயை நகர்த்தி வைத்தபடி.

மருமகள் அனுராதா மட்டும் ஒரு வரம் கேட்டாள். "எந்த வண்டியா இருந்தாலும் சரி மாமா, பெல்ட் இருக்கணும். பெல்ட் இல்லாத வண்டியில நான் வானதியை ஏத்த மாட்டேன்." தந்தோம், என்பதுபோல் தலையசைத்தார் மாமனார்.

அதன்பின் மூண்டது பெரும்போர். முதல்நாள் அவர் கும்பகோணத்து வாடகைக் கார் நிலையத்தின்மீது படையெடுத்தார். புரட்டாசி மாதம் அல்லவா. ஓடக்கூடிய கார்களெல்லாம் நாமம் இட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போயிருந்தன. எஞ்சி நின்ற ஒன்றிற்குச் சக்கரங்களுக்குப் பதில் செங்கற்கள் இருந்தன. இரண்டாம் நாள், கைபேசிக்குள்ளேயே வண்டி கூப்பிடும் மாயவித்தையை வானதியிடம் பயின்று, திரையில் சுழன்ற வட்டத்தை, கோட்டையை முற்றுகையிட்ட மன்னன் மதிலைப் பார்ப்பதுபோல் ஒரு முழுமதியம் இமையாது பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் சுற்றிக் களைத்து, அருகில் வண்டிகள் இல்லை என்று அறிவித்துவிட்டு, பின்னர் மின்னூட்டமும் தீர்ந்து மாண்டது.

மூன்றாம் நாள் மாலை, தோல்வியின் சேறு முழங்கால்வரை ஏறிய அந்த வேளையில், கடைத்தெரு டிரான்ஸ்ஃபார்மரின் அருகே ஒரு சுவரில் அவருக்கு அருள்வாக்குக் கிட்டியது. அங்கே பெரிய எழுத்தில் வரைந்த விளம்பரம் ஒன்று. அதன் முதற்சொல்லை மறைத்தபடி, கைகூப்பி நிற்கும் ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பெரியவரின் இடத்தோளுக்கு அப்பால் தெளிவாகத் தெரிந்தது: 'வண்டி வாடகைக்குக் கிடைக்கும். அணுகவும்: ஜாபிர்.' கீழே எண். பஞ்சநதம் இறந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எண்ணை அழுத்தினார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வெளியூர் கிளம்புகிறவர், கண்பட்டுவிடும் என்று ஊர்ப்பெயரை வெளியே விடமாட்டார். கிளம்புகிறவரைப் பார்த்து, எங்கே போறீங்க என்று மரியாதை தெரிந்த எவரும் கேட்கமாட்டார். பஞ்சநதமோ சொல்லாதவர்களின் தலைவர். ஜாபிரோ கேட்காதவர்களின் திலகம். ஆக, வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த உரையாடல் பின்வருமாறு நிகழ்ந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஒரு வண்டி வேணும் தம்பி."

"தந்துடலாம் சார். பெல்ட்டா, டயரா?"

டயர் எல்லா வண்டிக்கும் உண்டே, என்ன கேள்வி இது என்று நம் வீரர் உள்ளுக்குள் நகைத்தார். "பெல்ட்டுதான். பெல்ட் இல்லாம எங்க மருமக ஏறாது."

"மருமவளா ஏறுது?"

"ஏறாம? பேத்தி முன்னாடிதான் உட்காருவேன்னு இப்பவே அடம்."

"சின்னப் புள்ளைதானே. ஆசைக்கு ஒரு சுத்து ஏத்தி எறக்கிடலாம் சார். தண்ணி கெடக்கா?"

"அதெல்லாம் நெறையா இருக்கு."

"சாஞ்சு இருக்கா, நிக்கிதா?"

"சாஞ்சுதான் இருக்கணும் தம்பி. வீட்ல அவளுக்கு இடுப்பு வலி. நிமிந்து இருந்தா ஆகாது."

அம்மாளின் இடுப்பு வலிக்காக ஜாபிர் மனம் இரங்கினான் போலும். "எவ்வளவு நேரத்துக்கு வேணும் சார்?"

"ரெண்டரை மணி நேரம். வீட்டு வாசலுக்கு வந்துடுங்க. அங்கேருந்து வழி நான் சொல்றேன்."

"பெல்ட் வண்டிக்கு இப்ப அடிதடி சார். ஒரு ஆளு ரத்துப் பண்ணினாரு, உங்க அதிர்ஷ்டம். ஏழுக்கு வாசல்ல நிக்கும்."

அன்று பஞ்சநதம் வீடு திரும்பிய நடையைக் கண்டவர்கள், எந்த நாட்டை வென்றார் என்று கேட்டிருப்பார்கள். கதவைத் திறந்த ஆனந்தவல்லியிடம் அவர் சொன்னது இரண்டே சொல். "வண்டி ரெடி." பிறகு மருமகள் பக்கம் திரும்பி இன்னும் இரண்டு சொல். "பெல்ட் வண்டி." அதைக் கேட்டு அனுராதா மகிழ்ந்தாள். மாமனார் முதன்முறையாக ஒரு விஷயத்தைச் சரியாகக் காதில் வாங்கியிருக்கிறார் என்று கணவனுக்குச் செய்தி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மேற்கே சூலம் என்பதால், மேற்கே போகிற நால்வரும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் வாயிலிட்டனர். யானை, குதிரை, தேர், காலாள் என அணிவகுத்த நாற்படைபோல் நான்கு பெட்டிகளும் வாசலில் நின்றன. அவற்றில் யானை, புளிக்காய்ச்சலும் முறுக்கும் திணித்த ஆனந்தவல்லியின் பெட்டி. சலவை வேட்டி சரசரக்க, சந்தின் முனையை நோக்கி நம் வீரர் நின்ற கோலத்தைச் சுவாமிமலை ஸ்தபதி யாராவது கண்டிருந்தால் அப்போதே மெழுகு பிசையத் தொடங்கியிருப்பார்.

ஏழு மணி. நிலம் அதிர்ந்தது.

ஊழிக்காலத்து இடியோ, உடைப்பெடுத்த மதகோ என ஊர் திகைக்க, லாரியின் முதுகிலிருந்து பலகை வழியே இறங்கி, முன்னே ஆறடிப் பற்களை விரித்து, பின்னே கரும்புகையைச் சடையாய் அவிழ்த்து, சந்தின் வாயை முழுதாய் அடைத்துக்கொண்டு வந்து நின்றது ஓர் இராட்சத உருவம். அதற்குச் சக்கரங்கள் இல்லை. ஈரவயலில் புதையாமல் ஊர்ந்துபோக, இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் பட்டை சுற்றியிருந்தது. நெல் அறுக்கும் மிஷின். சக்கரம் வைத்தது டயர் வண்டி, பட்டை வைத்தது பெல்ட் வண்டி. வயல் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முத்திரை மட்டுமே குத்தியவருக்கு அது தெரியவில்லை. கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் தோளால் மறைத்திருந்த முதற்சொல், 'அறுவடை'.

மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த ஜாபிர் இறங்கி வணங்கினான். "சாஞ்சு கெடக்குன்னீங்களே சார், எங்க கெடக்கு?"

"என்ன கெடக்கு?"

"நெல்லு சார்."

பஞ்சநதம் அண்ணாந்து பார்த்தார். "இதுல சீட்டு எங்க இருக்கு தம்பி?"

"மேல ஒண்ணு இருக்கு சார். டிரைவரோடது."

முதலில் பேசியவள் வானதி. "தாத்தா, இதுதான் ஃபர்ஸ்ட் ரைடா?"

"பெல்ட் இருக்கு" என்றாள் ஆனந்தவல்லி, மிஷினை ஒருமுறை சுற்றி வந்து. "கேட்டது இருக்கு. குறை சொல்ல முடியாது."

"மாமா, மணி ஏழு இருபது" என்றாள் அனுராதா. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

ஆனந்தவல்லி இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தாள். யாரைக் கூப்பிடுவதற்கு என்று சொல்லவும் வேண்டுமோ. பாம்பின் வாய்த் தேரையும் பஞ்சநதம்போல் துடித்திராது. ஒரே ஒரு எண், ஒரே ஒரு 'ஹலோ அண்ணே'. அதோடு இனி வரப்போகிற பொங்கல், தீபாவளி, தலைத்திவசம் அனைத்திலும் இந்தப் பெல்ட் வண்டி ஓடும். பேரன் பேத்தி கல்யாணப் பந்தியிலும் ஓடும். "வல்லி, வேணாம்" என்றார் நம் வீரர். தாழ்ந்த குரலில், ஏறக்குறைய மனிதனைப்போல. அவள் விரல் ஒரு கணம் தயங்கியது.

தேவையே இல்லாமல் போயிற்று. சத்தம் கேட்டு, வயலிலிருந்து முழங்கால் அளவு சேற்றோடு, ரெத்தினம் தாமே ஓட்டமும் நடையுமாய் வந்துகொண்டிருந்தார். பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பொலியை எதிர்பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"மாப்ள, இது யாரு புடிச்ச வண்டி?"

"நாந்தான் மச்சான்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"எங்க புடிச்சீங்க? மூணு நாளா நாய் மாதிரி அலையறேன். செவ்வாக்கெழமை பேஞ்ச மழையில ரெண்டரை ஏக்கர் குறுவையும் படுத்துடுச்சு. டயர் வண்டி எறங்காது, ஆளும் கெடைக்கல. இன்னிக்கு விட்டா நெல்லு அங்கேயே மொளைச்சிடும் மாப்ள." சொல்லிக்கொண்டே ரெத்தினம் நம் வீரரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். சேறு சலவை வேட்டியில் இறங்கியது. "இதை எனக்கு விட்டுக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பஞ்சநதம் கண்ணைத் திறந்தார். அந்தக் கணத்தில் அவர் நெஞ்சில் நிகழ்ந்ததை எந்தப் பரணியும் பாடியதில்லை. சாய்ந்த கொடி நிமிர்ந்தது. கிழிந்த முரசு தானே தைத்துக்கொண்டது. பொய் என்று சொல்லிவிடாதீர்கள், அது போர்த்தந்திரம்.

"உங்களுக்குத்தான் வரச் சொன்னேன் மச்சான்" என்றார். "இங்க நெல்லு படுத்துக் கெடக்க, நாங்க பாட்டுக்கு ராட்டினம் சுத்தப் போறதா? நல்லாவா இருக்கும்?"

ஜாபிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆனந்தவல்லி அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அண்ணனின் கண்ணில் நீர் கோத்திருந்ததை அவள் கண்டிருந்தாள்; புருஷனின் நெற்றியில் வியர்வை கோத்திருந்ததையும் கண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எதுல போவீங்க?" என்று ரெத்தினம் திகைத்தார்.

"எப்படியாவது போய்க்கறோம்" என்றார் வள்ளல், வானத்தை நோக்கி.

"எப்படியாவதா? என் வண்டி சும்மாத்தானே நிக்கிது. இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க மாப்ள, எனக்கு அசிங்கமாப் போயிடும்."

தோற்ற மன்னன் திறை செலுத்துவதுபோல் நீட்டப்பட்ட சாவியை, வென்ற மன்னன் பெறுவதுபோல் இரு விரலால் பெற்றுக்கொண்டு, மிஷினை டிரைவரோடு வயலுக்கு அனுப்பிவைத்து, குற்றவுணர்ச்சியால் தாமே ஓட்ட முன்வந்த ஜாபிரைச் சாரதியாக அமர்த்தி, நாற்படைப் பெட்டிகள் பின்னே தொடர, பாபநாசமும் அய்யம்பேட்டையும் வழிவிட, தஞ்சைப் பெருநகர் தலைதாழ்த்த, வல்லத்து மேட்டில் காற்று கவரி வீச, செங்கிப்பட்டியில் லாரிகள் ஒதுங்கி நிற்க, தம் மச்சானுக்கே வாழ்வளித்த கொடைவீரர் என்று தம்மைத்தாமே மனத்துள் பாடிக்கொண்டு, முன்னிருக்கையில் நெஞ்சு நிமிர்த்திச் சென்றார் பஞ்சநதம்.

ஆகக்கூடி, அவர்கள் ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மச்சான் வண்டியில்தான்.