ஷிராஸுக்கு ஒரு கல்வீடு

போர் முடிஞ்சு சனம் மீளக்குடியமர்ந்து நாலாவது வருஷம், எங்கட அரச வீடமைப்புக் கந்தோருக்கு ஒரு கல்வீடும் பன்னிரண்டு போத்தல் வைனும் ஒரே கடிதத்தில அனுமதியாகி வந்தது. அன்பளிப்புச் செய்தது ஒரு வெளிநாட்டுத் திராட்சைச் செய்கையாளர் சங்கம். வைன் அவையின்ர பள்ளத்தாக்கிலேயே விளைஞ்ச ஷிராஸ் திராட்சையில வடிச்சது, நல்ல சிவப்பு. நிபந்தனை ஒண்டுதான்: வீடு பெறும் பயனாளி, அந்த வைனுக்குப் பொருத்தமான உணவைத் திறப்பு விழாவில் சமைத்துப் பரிமாற வேண்டும்.

பட்டியலில முதல் பேர் நறுவிலிக்குளம் சிவபாக்கியம். மனுசி மூண்டு பிள்ளையளோட தகரக் கொட்டிலில கிடக்கிறா. மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு அவியும். இந்த வீடு தவறினா அடுத்தது எப்ப வருமெண்டு கந்தோருக்கே தெரியாது.

பணிப்பாளர் எட்வேட் ஐயா உடனே “உணவுப் பொருத்தப்பாட்டு மதிப்பீட்டுக் குழு” அமைச்சார். தலைவர் அவர், உறுப்பினர் நான். ரெண்டு பேருக்கும் வைன் பழக்கமில்லை. நடுநிலைமைக்கு அதுவே தகுதியெண்டு கூட்டக்குறிப்பில எழுதினம்.

முதல் மதிப்பீட்டுக்குச் சிவபாக்கியம் ரொட்டியும் பருப்பும் வைச்சா. எல்லாம் நாங்கள் குடுத்த நிவாரணம்தான். ஐயா ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மிடறு குடிச்சுக் கண்ணை மூடினார்.

“அம்மா, பருப்பு வைனோட ஒத்துப்போகேல்ல.”

“பிள்ளையளோட ஒத்துப்போகுது ஐயா. வேற என்னத்தை வைக்க?”

“மிளகு போட்ட ஆட்டிறைச்சி எண்டு கடிதத்தில இருக்கு. நெருப்பில வாட்டினா இன்னும் விசேஷமாம்.”

“ஆடு நிவாரணத்தில வருமோ?”

“அது வேற திணைக்களம்.”

வீடு கிடைச்சாத் தாறனெண்டு கோயிலுக்கு நேர்ந்த கிடாய் ஒண்டு நிண்டது. “ஐயனார் பொறுப்பார், உங்கட ஐயா பொறுக்கமாட்டார்” எண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டு மனுசி அதை வெட்டுவிச்சா. அரைவாசி வாட்டல், அரைவாசி மிளகுக் கறி. முடிவு பிழையாகக்கூடாதெண்டு நாங்கள் மூண்டு போத்தல் வரைக்கும் மதிப்பிட்டம். தொண்ணூற்றெட்டுப் புள்ளி. சீஸ் இல்லாததால ரெண்டு குறைச்சம்.

மிச்சப் போத்தல்களைக் கொட்டிலில வைக்கப் போகேக்க ஐயா லேபலை வாசிச்சார். பதினெட்டுப் பாகைக்கு மேல வைக்கக்கூடாதாம். வெப்பமானி பிடிச்சுப் பார்த்தம், முப்பத்தொன்பது.

“இந்தச் சூட்டில எப்பிடி அம்மா இருக்கிறது?” ஐயாவுக்குக் குரல் தழுதழுத்துப் போச்சு.

சிவபாக்கியத்துக்குக் கண் கலங்கிட்டுது. நாலு வருஷமா ஒருத்தரும் கேக்காத கேள்வி. “என்ன செய்யிறது ஐயா, பழகிட்டம்.”

“உங்களைச் சொல்லேல்ல. வைனைச் சொல்லுறன்.”

குழு அவசரமாக் கூடி, மிகவும் பாதிக்கப்படக்கூடிய தரப்பு வைனே எனத் தீர்மானிச்சது. வீடு வைனின்ர பேருக்கு மாறினது. மனுசிக்குக் காவல் வேலை. சமையலும் அவதான், பயனாளிக்குப் பதிலாள் எண்டு. பிள்ளையளின்ர உடம்புச் சூடு வைனுக்கு ஆகாதெண்டு அவையை உள்ளுக்கு விடுறேல்லையெண்டும் முடிவு.

வீடு கட்டி முடிஞ்சோடன திறப்பு விழா சிறப்பா நடந்தது. விருந்தினரும் நாங்களும் சேர்ந்து ஒன்பது போத்தலையும் முடிச்சம்.

அடுத்த கிழமை சிவபாக்கியம் கந்தோருக்கு வந்தா.

“வைன் முடிஞ்சுதே தம்பி. இனி நாங்கள் வீட்டுக்குப் போகலாமோ?”

வீட்டுக் கோப்பின்ர தாளுகளைப் புரட்டினன். “பயனாளி இல்லாமல் போனதுக்கு அத்தாட்சி வேணும் அக்கா. கண்ணால கண்ட அரச உத்தியோகத்தர் ஒராள் கையெழுத்து வைக்கவேணும்.”

“நீங்கள்தானே தம்பி குடிச்சனீங்கள். வையுங்கோ.”

எனக்கு வெட்கமாப் போச்சு. ஒரு கையெழுத்துத்தான், மூண்டு பிள்ளையள் ஓட்டுக்குக் கீழ படுக்கும். ஆனா கடமை நேரத்தில குடிச்சனானெண்டு எழுத்தில வந்திடுமே. பேனையை மூடிப்போட்டு, நாளைக்கு வாங்கோ அக்கா எண்டன்.