மாமா கொடுத்த காரில் பெட்ரோல் ஒழுகுவது பற்றி

அயனம்பாக்கம்,
ஞாயிறு மாலை.

பெருமதிப்பிற்குரிய மாமா சண்முகசுந்தரம் அவர்களுக்கு, மருமகன் எழில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வர்ஷாவும் சுகம். கோவில்பட்டியில் தாங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் ஆசையாகக் கொடுத்த பழைய கார் மட்டும் சுகமில்லை. இதையும் போனில் சொன்னால், "போனை பானட் பக்கத்துல வைங்க மாப்ள, சத்தத்தை வச்சே சொல்லிருதேன்" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

மாமா, கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகுகிறது. எங்கள் அடுக்ககச் செயலாளர் சுலோசனா மேடம் வண்டியைச் சுற்றி நாலு மணல் வாளி வைத்துவிட்டார். தாங்கள் சொன்னபடி சோப்பைக் குழைத்துப் பூசினேன், வண்டி மணத்ததே தவிர ஒழுகல் நிற்கவில்லை, அப்புறம் ஸ்பேனரால் மெதுவாகத் தட்டச் சொன்னீர்கள், தட்டினேன், நின்றது, அதை நம்பி இன்று காலை வர்ஷாவையும் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினேன், மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் நெரிசலில் மாட்டியதும் குழாயைத் திறந்த மாதிரி ஊற்ற ஆரம்பித்தது, பின்னால் வந்த ஆட்டோக்காரர், "யோவ், ரோடு பூரா பெட்ரோல ஊத்திகினு போறியே, எங்கள கொளுத்தறதுக்கா?" என்று கத்தினார். இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கில் வர்ஷாவை உட்காரவைத்து, அரைக் கிலோமீட்டர் நான் ஒருத்தனே தள்ளினேன் மாமா!

தள்ளிக்கொண்டு போய் விட்ட பட்டறையில் மெக்கானிக் அப்துல் ரசாக் கார்புரேட்டரைக் கழற்றினார். போதுமான பெட்ரோல் வந்ததும் வழியை அடைக்க உள்ளே ஒரு ஊசி இருக்கிறதாம். அதன் அடியில் வாஷர் இருக்கவேண்டிய இடத்திலிருந்து நீலமாக எதையோ நோண்டி எடுத்தார். பெட்ரோலில் ஊறி அல்வா மாதிரி ஆகியிருந்தது.

"இன்னா சார் இது? ரப்பர் செருப்ப வெட்டி வாஷரா போட்டுக்கீறாங்க! ஊசி எப்டி சார் ஒழுங்கா உக்காரும்? எவன் சார் இந்த வேலைய பாத்தவன்?"

தொடர்ந்து அவர் சொன்னதைத் தங்களுக்கு எழுத எனக்குத் தைரியமில்லை. எங்களுக்கு முன்னால் அந்த வண்டியைத் தொட்டவர் தாங்கள் ஒருவர்தானே? வர்ஷா முகம் சிவந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற அப்பாவை அப்படித் திட்டினால் எந்த மகளுக்குத்தான் தாங்கும்? வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. தாங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம் மாமா. தங்கள் கைராசி தங்களோடு இருக்கட்டும், அடுத்த வாரமே வந்து வண்டியைக் கொண்டுபோய்விடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். கோபத்தில் எழுதினாலும் தங்கள் ஆசி எங்களுக்கு வேண்டும்.

பணிவுடன்,
எழில்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வர்ஷா இதை வாங்கிப் படித்தாள். "எழில், அது அப்பா இல்ல. நான்" என்றாள். கல்யாணத்துக்கு முந்தின மாதம், தாங்கள் ஊரில் இல்லாத நாளில் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகினாளாம். ஒழுக ஆரம்பித்ததும் பயந்துபோய், தாங்கள் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்த நினைவில், தன் செருப்பையே வெட்டி வாஷராகப் போட்டாளாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "வேண்டாம், அனுப்புங்க. என்னால வாயத் தொறந்து அப்பாகிட்ட சொல்ல முடியல" என்கிறாள். வண்டியையும் தரமாட்டாளாம். ஆகவே மாமா, மேலே தங்களைக் குறை சொல்லியிருக்கும் இடங்களில் எல்லாம் தங்கள் மகள் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும்.