அழுத்தக்காரர் உடைத்த சொல்

வரிக் கடைசியில் ஓர் இங்கிலீஷ் சொல்லைத் தப்பான இடத்தில் உடைத்துவிட்டால், சாவுச் செய்தி கேட்டவரைப்போல முகம் வெளுத்துப் போகும் மனிதர் எனக்குத் தெரிந்து பூமியில் ஒருவர்தான் இருந்தார். திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிரே, டைப் அடிக்கும் கடையில், எனக்கு அடுத்த மிஷினில்.

ஐம்பதுகளின் கடைசி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அழுத்தக்காரர். இரண்டு சொல் சேர்ந்து ஒன்றானால் முன்பாதியைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. சிறுமலை மிளகு விற்று வீடு கட்டிய வியாபாரி ஒருவர், அதற்குப் பச்சை வர்ணம் பூசி, "நம்ம கிரீன்ஹவுஸுக்கு வாங்க" என்றார். அழுத்தக்காரர் போனார். கூடம், சமையலறை, கொல்லை எல்லாம் தேடினார்.

"செடியெல்லாம் எங்க?"

"என்ன செடி?"

"கிரீனை அழுத்திட்டீகளே. அப்படின்னா செடி வளக்கிற கண்ணாடிக் கொட்டகை. பச்சை வீடுன்னா ஹவுஸையும் அழுத்தணும்."

வியாபாரி அதிர்ந்துபோனார். அன்றோடு அந்த வீட்டுக்குப் பெயர் சொல்வதையே விட்டுவிட்டார்.

அந்தச் சமயம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். எங்கள் வீட்டில் ஐந்து வாய். டைப் கூலி பாதி மாதம்கூடத் தாங்காது. மனுவை நானே அடித்தேன். மிஷினில் வரி முடியும் மணி அடித்ததும், மிச்சச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினேன். தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கார்பன் நகலைப் பார்த்த அழுத்தக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பு, நோவேரை எங்க ஒடைச்சிருக்க?"

எங்கேயும் என்னை வேலையிலிருந்து நீக்கியதில்லை என்று சொல்லத்தான் 'நோவேர்' போட்டிருந்தேன். 'நோ'வுக்குப் பின் உடைப்பதற்குப் பதில் 'டபிள்யூ'வையும் சேர்த்து ஓர் எழுத்து தள்ளி உடைத்ததில், அது 'நவ்', 'ஹியர்' என்று இரண்டாகியிருந்தது. இப்போது, இங்கே, என்னை நீக்கிவிட்டார்கள்!



"சைக்கிளை எடு. நானும் வாரேன்" என்றார்.

மில் மேனேஜர் என் மனுவைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்.

"இதை அடிச்சது யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அழுத்தக்காரர் முன்னால் போய் நின்றார்.

"நாந்தாங்கய்யா. மணி அடிச்சப்ப செத்த நேரம் அசந்துட்டேன். இவன் மேல தப்பில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கால்புள்ளி இடம் மாறினாலே ஊரைக் கூட்டுகிறவர் அவர்.

மேனேஜர் சிரித்தார். "இனிமேல் இந்த மாதிரி ஆள்கிட்ட டைப் அடிக்கக் குடுக்காதீங்க தம்பி. திங்கக்கிழமை வந்து சேருங்க."

அழுத்தக்காரர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது, கேரியரில் இருந்தவருக்கு அலுங்காதபடி, மேடு பள்ளம் பார்த்து மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தேன்.