சம்பந்தியின் குரலைக் காணோம்

நான் பொய் சொல்லமாட்டேன் என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எனக்கு ஒரு பேர் உண்டு. (அந்தப் பேரைப் பரப்பியவன் நான்தான்.) கிருத்திகை விரதம் தவறியதில்லை. குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. பால்குடம் பதினோரு தடவை எடுத்தாயிற்று. இப்பேர்ப்பட்ட ஆசாமி ஒரே ஒரு பொய் சொன்னேன். அதுவும் முருகன் பாட்டைப் பற்றி. அந்தப் பொய்யை மெய்யாக்க நான் பட்ட பாட்டுக்கு, பேசாமல் பன்னிரண்டாவது பால்குடம் எடுத்திருக்கலாம்.

என் மகள் மீனா தொடக்கப்பள்ளி ஆசிரியை. கூட வேலை பார்க்கும் கார்த்திக்கைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். தங்கமான பையன். எங்களுக்கு மறுப்பில்லை. கார்த்திக்கின் அப்பா சுந்தரமூர்த்திக்கு வீடு காத்தோங்கில். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலைக்குத்தான், தொண்டைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவில் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுவார். தானே எழுதிய ஆறு முருகன் பாட்டுகளைச் சென்னையில் உறவுக்காரர் ஒருவரின் ஸ்டூடியோவில் பாடி, ஒரு டிஸ்க்காகவும் போட்டிருந்தார். சாதாரண சிடி இல்லை. ஐந்து ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற உயர்ந்த ரகமாம். கோவிலில் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டபோது இரண்டு கையாலும் எடுத்து எனக்குக் கொடுத்தார். நானும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் பழைய சிடி பிளேயரில் போட்டால், அது இரண்டு தரம் உறுமிவிட்டு டிஸ்க்கை வெளியே தள்ளியது. மறுபடி போட்டேன். மறுபடி தள்ளியது. (நான் பேருந்து ஓட்டுநர். ஏறவிடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டவனின் முகம் எனக்குத் தெரியும்.) சரி, நல்ல பொருள், வீணாகக்கூடாது என்று சாமி அலமாரியில் வைத்து மேலே ஒரு ரோஜாப்பூவும் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார்.

"என்ன தங்கவேல், நம்ம பாட்டு கேட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவர் குரலில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் ஆவல் இருந்தது. என் வாய் தானாக வேறு பாதையில் திரும்பிவிட்டது.

"கேக்காம இருப்பேனா? தினமும் காலையில ஆறு மணிக்கு உங்க குரல்லதான் எங்க வீடே முழிக்குது!"

 அவர் தழுதழுத்தபடி சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாணம் பேச வர்றோம்ல? அப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேட்டுட்டு, அப்புறம் பேச்ச ஆரம்பிப்போம். உங்க வீட்டுல எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்."

போனை வைத்தேன். என் மனைவி சரோஜா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏங்க, டிஸ்க்குக்குப் பூ வெச்சா பாட்டு கேட்டதா கணக்கா?"

மீனாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. "ப்பா, ஏன்ப்பா இப்படி? அவங்கப்பாவுக்கு அந்தப் பாட்டுன்னா உயிர். அவர் பாடும்போது சொந்தத் தம்பி நடுவுல எழுந்து போன் பேசினாருன்னு மூணு வருஷம் பேசாம இருந்தாராம். நீங்க கேக்கவே இல்லன்னு தெரிஞ்சா என் கல்யாணம் அவ்வளவுதான்!"

"முருகன் இருக்கான்மா" என்றேன்.

"முருகன் இருக்கான். பிளேயர் இல்லையே" என்றாள் சரோஜா.

விசாரித்ததில், சிடி, டிவிடி, இன்னும் எனக்குப் பேர் தெரியாத எல்லா வட்டுகளையும் ஓட்டுகிற யுனிவர்சல் பிளேயர் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பழைய பொருள் விற்கிற செயலியில் கிளமெண்டிக்காரச் சீனர் ஒருவர் அதை விற்பனைக்குப் போட்டிருந்தார். வேலை முடிந்ததும் நேரே ஓடினேன். ரயில் நிலையத்து வாசலில் வைத்துப் பெட்டியைக் கொடுத்தவர், என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், யுவர் ஹவுஸ் ஹவ் மெனி ஸ்பீக்கர்?"

"டூ."

"டூ ஒன்லி ஆ? தென் யூஸ் த பாட்டம் ஒன் லா. பாட்டம், ஓகே?" என்று பிளேயரின் பின்பக்கத்தில் கீழே இருந்த ஜோடித் துளையைத் தட்டிக் காட்டினார்.

"ஓகே ஓகே" என்று தலையாட்டினேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, புரியவும் புரிந்தது. பெட்டியை மடியில் பிள்ளையைப் போல் வைத்துக்கொண்டு ரயிலில் சிராங்கூன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு மனசு மட்டும் மாறிவிட்டது.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்த காலத்தில் வாங்கிய ஒரு ஆம்ப்ளிஃபயரும், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் வீட்டில் உண்டு. பிளேயரை அதன் பக்கத்தில் வைத்து, புது வண்டிக்குச் செய்வது போல நெற்றியில் சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் காட்டினேன். பிறகு வயரை எடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரு சிவப்பு முனை, ஒரு வெள்ளை முனை. எனக்கா தெரியாது? சிவப்பு குங்குமம், வெள்ளை திருநீறு. குங்குமத்துக்குக் குங்குமம், திருநீற்றுக்குத் திருநீறு. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா!

பிளேயரைத் திருப்பினால் பின்னால் இரண்டு வரிசை. மேல் வரிசையில் ஆறு துளைகள், தகதகவென்று தங்கமுலாம் பூசி, மேலே ஆங்கிலப் பெயர்களோடு சபை போல இருந்தன. கீழ் வரிசையில் ஒரே ஒரு ஜோடி. மின்சார வயர் தொங்குகிற மூலையில், தூசிக்குப் பக்கத்தில் கிடந்தது.

யோசித்தேன். வரப்போவது முருகன் பாட்டு, அதைப் பாடியவர் சம்பந்தி. சாமி படத்தை யாராவது காலடியில் வைப்பார்களா? சம்பந்தியைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்களா? சீனருக்கு இதெல்லாம் எங்கே தெரியும் பாவம்! மேல் வரிசையில் முதலில் இருந்த சிவப்பு வெள்ளை ஜோடியில் வயரை மரியாதையோடு சொருகினேன்.

பரிசோதிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருந்த ஒரு சாதாரண நாதஸ்வர சிடியைப் போட்டுப் பார்த்தேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது போல் கணீரென்று கேட்டது. "அந்த டிஸ்க்கையும் ஒருதரம் போட்டுப் பாத்துடுங்களேன்" என்றாள் சரோஜா. நான் சிரித்தேன். அதை முதன்முதலில் ஓடவிடுவது, பாடியவர் முன்னிலையில், நல்ல நேரம் பார்த்து நடக்கவேண்டிய காரியம் அல்லவா? (அந்தச் சிரிப்பை இன்றைக்கும் அவள் நடித்துக் காட்டுவாள். ரொம்பத் தத்ரூபமாக இருக்கும்.)

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சுந்தரமூர்த்தி பட்டு வேட்டியில், அவர் மனைவி வசந்தாம்மா பழத்தட்டோடு, கார்த்திக் சிரித்த முகத்தோடு. தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகை வீடெல்லாம் மணத்தது. கேசரி, வடை எல்லாம் தயார். அதையெல்லாம் சுந்தரமூர்த்தி கண்டுகொள்ளவே இல்லை.

"முதல்ல பாட்டு" என்றார்.

சாமி அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் பிளேயரின் தட்டில் வைத்தேன். இந்தப் பிளேயர் தள்ளவில்லை. தம்புரா எழுந்தது. வயலின் குழைந்தது. மிருதங்கம் சேர்ந்தது. இரண்டு ஸ்பீக்கரும் அமிர்தமாய்ப் பொழிந்தன. சுந்தரமூர்த்தி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். நான் மீனாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பார்த்தாயா உங்கப்பனை?

"இப்ப வரும் பாருங்க" என்று விரலை உயர்த்தினார் அவர். "முருகான்னு எடுப்பேன்."

வரவில்லை.

வயலின் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. உற்றுக் கேட்டால், எங்கள் புளோக்கின் மாடிப்படியில் நின்று யாரோ முனகுவது போல ஏதோ கேட்டது. அவ்வளவுதான். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் பின்பாட்டுக் கோஷ்டி மட்டும் பளிச்சென்று "வேல் முருகா!" என்றது. யாருமே கேட்காத கேள்விக்கு எட்டுப் பேர் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"குரல் எங்க?" என்றார்.

"மெஷின் புதுசு... இல்ல, பழசு. சூடாகணும் சம்பந்தி. சூடானா வந்துடும்" என்றேன். (இரண்டாவது பொய். முதல் பொய்க்குத் துணை வேண்டாமா?) ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். மிருதங்கம் கட்டட வேலை நடக்கிற மாதிரி அதிர்ந்தது, அலமாரியில் கண்ணாடிக் கிண்ணங்கள் ஆடின. சுந்தரமூர்த்தி மட்டும் வரவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்த்தேன். ஆள் அங்கே ஒளிந்திருப்பது போல!

அவர் மெதுவாகக் கேட்டார். "தங்கவேல், தினமும் காலையில கேக்குறேன்னு சொன்னீங்களே. தினமும் இப்படித்தான் கேட்டுச்சா?"

வாசகர்களே, என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஆமாம் என்றால், இத்தனை நாள் அவர் குரல் இல்லாததைக்கூடக் கவனிக்காத காது எனக்கு. இல்லை என்றால், கேட்கவே இல்லை. இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு. மீனா தாவணி முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து முருகன் என்னையே பார்த்தான். அவன் சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கையைக் கூப்பிவிட்டேன். "மன்னிச்சுக்கங்க. நான் ஒரு நாள்கூடக் கேக்கல. எங்க பழைய பிளேயர்ல ஓடல. உங்க மனசு நோகுமேன்னு பொய் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. புள்ளைங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

 நான் சொல்லி முடித்ததும் பெட்டிக்குள்ளிருந்து கோஷ்டி "அரோகரா!" என்றது.

முதலில் சிரித்தது வசந்தாம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா இந்தக் குரல நிறுத்த நான் பண்ணாத வேண்டுதல் இல்ல. அண்ணே, நீங்க ஒரே ஒரு வயர்ல நிறுத்திட்டீங்களே!"

சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை. எழுந்தார். மீனாவின் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். மிருதங்கம் ஒரு முத்தாய்ப்பு வைத்து அடுத்த சரணத்துக்கு வந்து நின்றது. அவர் கால் நின்றது.

"தாளம் வந்து நிக்குது. எடுக்க ஆள் இல்லையே" என்று தனக்குள் சொன்னார். அவரால் தாங்க முடியவில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்று, கையை நீட்டி எடுத்தார் பாருங்கள், முருகா என்று! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டிஸ்க்கிலிருந்து கோஷ்டி பதில் சொல்ல, கூடவே சரோஜாவும் சொல்ல, நானும் சொல்ல, ஒரு பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியது. ஆறு பாட்டையும் பாடி முடித்துத்தான் உட்கார்ந்தார். கேசரி கல்லாகியிருந்தது. அவர் முகம் மட்டும் பூவாக இருந்தது.

"சரி, ஒரு நாள் கேட்டாச்சு" என்றார் துண்டால் முகம் துடைத்து. "தினமும்னு சொன்னீங்க. மிச்ச நாளெல்லாம் எப்ப கேக்கப் போறீங்க?"

"நாளையிலேருந்து சம்பந்தி. சத்தியமா."

"செக் பண்ணுவேன்" என்றவர், மீனாவைப் பார்த்து, "அழாதம்மா. இந்தா, அத்தை கையிலேருந்து பூ வாங்கிக்க" என்றார்.

அப்புறம்தான் கார்த்திக் எழுந்துபோய், பின்பக்கம் குனிந்து, வயரை மேல் வரிசையிலிருந்து பிடுங்கிக் கீழே சொருகினான். ஐந்து ஸ்பீக்கர் டிஸ்க்கில் குரலை நடு ஸ்பீக்கரில்தான் வைப்பார்களாம். மேல் வரிசையில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை. எங்கள் வீட்டில் நடு ஸ்பீக்கரே இல்லாததால் சம்பந்தி இறங்க இடமில்லாமல் போய்விட்டார். கீழ் ஜோடிதான் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்குமாம். சாதாரண சிடியில் இருப்பதே இரண்டு பங்குதான் என்பதால் நாதஸ்வரம் தப்பித்தது.

"இவ்வளவு தெரிஞ்சவன் முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா?" என்றேன்.

"எழுந்தேன் அங்கிள். அம்மாதான் உக்காருன்னு கண்ணக் காட்டினாங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் மைக் ஒரு நிமிடம் நின்றபோது, "தங்கவேல் வயர்கிட்ட போனாரா பாருங்க!" என்று ஒரு குரல் வந்தது. பாராட்டும் பரிகாசமுமாக அது இன்றுவரை தொடர்கிறது.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அவர் பாட்டில்தான் எங்கள் வீடு விழிக்கிறது. இது பொய் இல்லை. ஆறே காலுக்கு போன் வரும். "மூணாவது பாட்டு, ரெண்டாவது சரணம், நான் எந்த இடத்துல மூச்சு வாங்குனேன்?" என்பார். சரியாகச் சொல்லிவிடுவேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது போட மறந்துவிட்டேன். வீடு என்னவோ போல இருந்தது. எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். கீழ் வரிசை ஜோடிக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பொட்டு வைக்கிறேன். அதனிடம் மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை.

விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையை நானே முந்திக்கொண்டு சொல்வேன். மற்றவர் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். மீனாவும் வந்திருக்கும் நாளில் கொஞ்சம் நீட்டிவிட்டேன் என்றால் அடுப்படியிலிருந்து சரோஜாவின் குரல் வரும்:

"மீனா, உங்கப்பாவ மேல் வரிசைக்கு மாத்துடி!"