பேராசிரியர் லவிபாண்டின் காந்தக் கை

1846-ஆம் வருஷக் குளிர்காலத்தில் பிரிஸ்டல் துறைமுகத்தில் பல்வலி வந்தவர்கள் எல்லோரும் பேராசிரியர் லவிபாண்டின் கைக்காகத் தவம் கிடந்தார்கள். எந்தக் கல்லூரிப் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய விரல் நுனியிலிருந்து காந்தசக்தி ஒழுகுமாம். முகத்துக்கு நேரே கையை மேலும் கீழும் அசைப்பார். எகிப்து மன்னரின் கல்லறையில் கிடைத்த பட்டுக் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் துடைத்துவிடுவார். ஆள் தூங்கிவிடுவான்; பல்லைப் பிடுங்கினாலும் தெரியாது. தூக்கம் வராதவன் பாவி. இந்த விளக்கத்தில் பாவிகளைத் தவிர எல்லோருக்கும் திருப்தி.

டார்க்கஸ் ட்ரான்டரும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். அவளுக்குப் பல்வலி இல்லை. கப்பலில் சரக்கு இறக்கும்போது பீப்பாய் உருண்டு அவள் கணவன் ஏமஸின் கால் நசுங்கி, அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் பெவரல் சொல்லிவிட்டார். ஏமஸ் சம்மதிக்கவில்லை. அவன் அண்ணனுக்குக் கையை அறுத்தபோது அமுக்கிப் பிடித்தவர்களில் அவனும் ஒருவன்.

"அந்தக் காந்தக்காரரைக் கூட்டிட்டு வா, வெட்டிக்கிறேன்" என்றான். "இல்லேன்னா இப்படியே போயிடறேன், விடு."

லவிபாண்டுக்குக் கால்களில் ஆர்வமில்லை. ஆனால் அவள் கூட்டத்தின் நடுவே அழுதுவிட்டாள். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. அவளுடைய கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கரண்டிகளைக் கூலியாக வாங்கிக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அறுவை அறையில் டாக்டர் பெவரல் ஒன்றுதான் கேட்டார். "சக்தி உங்க கையில இருக்கா, குட்டையில இருக்கா?"

"கையிலதான், சந்தேகமென்ன?"

"அப்போ குட்டையை இப்படி வையுங்க. கையை மட்டும் காட்டுங்க."

லவிபாண்ட் அசைத்தார். நெற்றி வியர்க்கும்வரை அசைத்தார். டாக்டர் ஏமஸின் விரலில் ஊசியால் லேசாகக் குத்தினார். ஏமஸ் துறைமுகத்தில் மட்டுமே புழங்கும் ஒரு சொல்லைச் சொன்னான்.

"பாவம் தடுக்குது" என்றார் பேராசிரியர்.

டார்க்கஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இவரு பண்ணின பாவமெல்லாம் எனக்குத் தெரியும். தூக்கம் கெடற அளவுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டர் குட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, பேராசிரியரின் மேல்கோட்டை வாங்கிக்கொண்டு அவரை வெளியே நிற்கச் சொன்னார். கோட்டுப் பையில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. திறந்ததும் தித்திப்பும் காரமுமாக ஒரு வாடை. ஈதர். அதை முகர்ந்தவர்களுக்கு வலி தெரிவதில்லை என்று அமெரிக்காவிலிருந்து பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. இருவரும் அதைப் படித்திருந்தார்கள். டாக்டருக்குத் துணிச்சல் வரவில்லை. பேராசிரியருக்கு வியாபாரம் வந்தது.

குட்டையில் புட்டியைக் கவிழ்த்து ஏமஸின் மூக்கில் வைத்தார்கள். யாரும் கையை அசைக்கவில்லை. டார்க்கஸின் கையை நொறுக்கிக்கொண்டிருந்த அவன் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. செத்துவிட்டானோ என்று குனிந்து மூச்சைப் பார்த்தாள். குறட்டை வந்தது. ரம்பம் அதன் வேலையைச் செய்தது.

கண் விழித்த ஏமஸ் கேட்டான், "எப்பத்தான் ஆரம்பிக்கப் போறாங்க?"

டார்க்கஸ் அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பேராசிரியரைத் தேடியபோது அவர் இல்லை. கரண்டிகளும் இல்லை. வாசலில் கூட்டம் காத்திருந்தது. டார்க்கஸ் புட்டியைத் தூக்கிக் காட்டி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கூட்டம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு ஒரு கிழ மாலுமி பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினான். "அம்மா, அந்தப் புட்டிக்குள்ள காந்தசக்தியை அடைச்சதும் பேராசிரியர்தானே?"



"கால் வெட்டினாத்தான்யா வலிக்கும்" என்றாள் டார்க்கஸ். "கேள்வி கேட்டா வலிக்காது. அதுக்கு மயக்கமருந்தும் வேண்டாம். ஒருதரம் கேட்டுத்தான் பாருங்களேன்."