சாம்பலண்ணே சுட்ட கிழங்கு

போடிநாயக்கனூர் மலையில் நல்ல வார்த்தை என்று ஒன்றை வாயில் வரவிடாமலேயே வாழ்ந்து காட்டிய மனிதர் எங்கள் சாம்பலண்ணே. காலையில் எதிரே போனால், "என்ன, இன்னும் இருக்கியா?" என்பார். பெண் பார்க்கப் போகிறேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னவனை, "போ போ, ஒனக்குக் கொள்ளி வைக்க ஆளு வேணுமில்ல" என்று வழியனுப்பினார். கழுதை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் குரங்கணிக்கு இறங்கும் ஒருவர், இவர் கண்ணில் படக் கூடாதென்றே சுற்றுவழியில் போவார். அப்படியும் மனுஷர் விடமாட்டார். "மாப்ளே, பாத வழுக்குது! கழுத பொழச்சுக்கிரும், நீ பாத்துக்க!" என்று மலைக்கே கேட்கிற மாதிரி சத்தம் கொடுப்பார்.

எழுபதுகளின் கடைசியில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. பறித்த பச்சைக் காயைக் காயவைக்கும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். வெளியே பெரிய அடுப்பு. அடுப்புச் சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வரும். கதவை இறுகச் சாத்தி, நடுநடுவே காயைப் புரட்டிவிட்டுக் காயவைத்தால் ஏலக்காய் பச்சை மாறாமல் வரும். கதவுச் சாவி என்னிடம். அடுப்பு சாம்பலண்ணேயிடம். புருவத்திலிருந்து பாதம் வரை சாம்பல் படிந்த ஆள் என்பதால் அந்தப் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

இந்த மனுஷருக்குச் சமைக்கத் தெரியும் என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரே ஒரு பண்டம்தான். நல்ல பெரிய உருளைக்கிழங்காகப் பொறுக்கி எடுப்பார். தோலோடு கழுவித் துடைத்து, தலைப்பக்கம் ஒரு மூடி மாதிரி சீவுவார். உள்ளே குடைந்து எடுத்த கிழங்கைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதோடு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நறுக்கிய பூண்டு, பொட்டுக்கடலைப் பொடி, உப்பு, ஒரு கரண்டி கடலெண்ணெய் சேர்த்துப் பிசறித் திரும்பவும் உள்ளே திணிப்பார். மூடியை வைத்து ஈர்க்குச்சியால் குத்தி, மேலெல்லாம் எண்ணெய் தடவி, ஸ்டோருக்குள் குழாயின் முதல் வளைவில் உட்கார வைத்துவிடுவார். காயைப் புரட்ட நான் கதவைத் திறக்கிறபோது எடுத்தால், தோல் சுருங்கி, உள்ளே வெண்ணெயாக வெந்திருக்கும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அதைப் போல ஒன்றை நான் இன்றுவரை தின்றதில்லை.

"தின்னு பாரு ரைட்டரே. செத்தாலும் ருசியாச் சாகலாம்" என்று எனக்கு ஒன்று தருவார்.

எனக்குத் தந்தது உபரி. செய்தது அவர் சம்சாரம் செல்லத்தாயி அக்காவுக்காக. அக்காவுக்கு நெஞ்சில் நோய். போடி டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "இனிமே சாப்பாடுதான் மருந்து. உள்ள போனாப் பொழைப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சோறு இறங்கவில்லை. அவித்துப் பிசைந்து கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது அந்த அம்மா. இந்தக் குழாய்க் கிழங்கு மட்டும் பாதி இறங்கியது. துண்டில் சூடாகப் பொதிந்துகொண்டு லயத்துக்கு ஓடுவார் அண்ணே. லயம் என்பது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு.

"தின்னுடி. வெறும் எலும்பாத் தூக்கிட்டுப் போனா ஊரு என்னையத்தான் ஏசும். சாகுறதாயிருந்தா சதையோட சாவு!"

"ஒங்க வாயில வசம்பத் தேய்க்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஒரு வாய் வாங்கிக்கொள்ளும்.

இதற்குத்தான் வந்தது வினை. எங்கள் ஏலக்காய் போடிக்கு ஏலத்துக்குப் போனது. வியாபாரி ஒருவர் நாலு காயை உள்ளங்கையில் நசுக்கி மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். "ஏய்யா, இது ஏலக்காயா, மசால் வடையா? பாயசத்துல போட்டா எவன்யா குடிப்பான்?" என்று கேட்க, கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சரக்கு திரும்பி வந்தது. பின்னாலேயே முதலாளியின் உத்தரவும் வந்தது: இனிமேல் ஸ்டோருக்குள் வேறு வாசம் அடித்தால், செய்தவனுக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. வெளியே அடைமழை. அக்காவை அந்த உடம்போடு கூட்டிக்கொண்டு எங்கே இறங்குவது?

அண்ணே அடுப்புச் சாம்பலில் புதைத்துப் பார்த்தார். ஈர விறகை ஊதி ஊதி எரித்த தீயில் கிழங்கு கரிக்கட்டையாக வந்தது. "இது அவளுக்கு முந்திச் செத்துப்போச்சு" என்று தூக்கி எறிந்தார். வீட்டடுப்பில் சுட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. அக்கா மூன்று நாள் எதுவும் தொடவில்லை.

நாலாவது நாள் காலையில் என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு கிழங்கு, ஈர்க்குச்சி குத்தி, தயாராக.

"ரைட்டரே, கதவத் தொற. ஒண்ணே ஒண்ணு."

சாவு என்ற பேச்சே இல்லாமல் அவர் பேசிக் கேட்டது அன்றுதான். சாவியை எடுத்தேன். திறந்தேன்.

நம்ம நேரம் பாருங்கள், மத்தியானம் முதலாளி வந்து நிற்கிறார்! குரங்கணியில் ஜீப்பை விட்டுவிட்டு, குடையோடு ஏறி வந்து, காலில் ஒட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஸ்டோர்க் கதவைத் திறக்கச் சொன்னார். பூண்டு வாசம் ஆளையே தள்ளியது.

"எவன்டா?"

சாம்பலண்ணே வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் மொதலாளி. ஆசையா இருந்துச்சு..."

"நீயா? வெந்நி வைக்கத் தெரியாத பய நீ. எப்படிச் செஞ்ச? சொல்லு பாப்பம்."

"கெழங்கக் கழுவி, தலையச் சீவி, உள்ள கொடஞ்சு..."

"ம்."

"சின்ன வெங்காயம், பச்ச மொளகா, பொட்டுக்கடலப் பொடி..."

"ம்." முதலாளி பாதி நம்பிவிட்டார்.

"பூண்ட நல்லா இடிச்சு..."

"இடிக்கவா!" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். "பூண்ட எவனாச்சும் இடிப்பானாடா? கசந்து போகும்டா! நறுக்கிப் போடணும், பொடிப்பொடியா நறுக்கிப் போடணும்!"

முதலாளிக்கே உதடு ஒரு பக்கம் துடித்தது. அடக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "மழ விட்டதும் ரெண்டு பேரும் எறங்கிருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கூறுகெட்ட மனுஷா! வாய மூடிக்கிட்டு இருந்தா ஒனக்காச்சும் வீடு மிஞ்சியிருக்குமில்ல?"

"தப்பாச் சொன்னா எப்படிய்யா?" என்றார் அவர். "அவ திங்கிற பண்டம்."

அந்த அறைச் சரக்கு கெட்டது கெட்டதுதான், அடுத்த சரக்கு ஏற்ற உத்தரவும் இல்லை. பிறகென்ன பயம்? தினமும் குழாயில் கிழங்கு உட்கார்ந்தது. அக்கா முதல் நாள் பாதி தின்றது. அடுத்த நாளும் பாதி. அப்புறம் கால். "ஒங்க சோலியும் போச்சாமே தம்பி, இந்த ஆளு வாயால" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டது. மழை விடவே கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. மழை விடவில்லைதான். அக்காதான் முந்திக்கொண்டது.

மூங்கிலில் கம்பளி கட்டி, நாலு பேர் தோள் மாற்றி, வழுக்கும் பாதையில் இறக்கினோம். குரங்கணியில் காரியம் முடிந்தது. அன்று முழுக்க அண்ணே யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதி எனக்கு அவர் வாயைவிடப் பயமாக இருந்தது.

அவரை என்னோடு போடி பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தேன். நான் மதுரைக்கு, அவர் பொட்டிபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் தானாகப் பேசினார்.

"கடைசி நாளு ஒரு வாய்தான் வாங்குனா. எப்படிடி இருக்குன்னு கேட்டேன். உப்புக் கூடிப்போச்சுன்னா. தெனமும் கூடித்தான் போகுதுன்னா. இத்தன நாளும் ஒரு வார்த்த சொல்லல ரைட்டரே. சொல்லாம, நான் செஞ்சேன்னு தின்னுருக்கா."

சொல்லிவிட்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மதுரை பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. அந்த மனுஷரைத் தனியாக விட்டுவிட்டு ஏற எனக்கு மனசே வரவில்லை.