ஒரு கிண்ணம் காடு

"காடு வேணும்," என்றாள் ஜிபார். "சாப்பிடறதுக்கு."

ஏர்மெக் கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவளுக்கு இது தலைப்பிள்ளை மசக்கை. குதிரைக்கறியைக் கண்டால் ஓங்கரிப்பு, பாலாடையைக் கண்டால் ஓங்கரிப்பு, கொஞ்ச நாளாகப் புருஷனைக் கண்டாலும் ஓங்கரிப்பு. பெண் துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுல எதை?"

"மழை விட்டதும் அக்ரூட் காட்டுல ஒரு வாசனை வருமே, அது. ஈர இலை, விறகுப் புகை, கொஞ்சம் கசப்பு. நாக்குல அதுதான் நிக்குது. வேற எதுவும் இறங்கல."

அவர்கள் இருந்த ஆத்-பாஷியில் மரம் என்று சொல்லிக்கொள்ள ரோட்டோரத்துப் பாப்ளர்கள்தான். மற்றதெல்லாம் புல்லும் காற்றும். மசக்கைக்காரி கேட்டது கிடைக்காவிட்டால் பிள்ளை வாயொழுகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டு குல்சுன் அக்கா வேறு பயமுறுத்திவிட்டுப் போயிருந்தாள். ஏர்மெக் மூலையில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தான். அவள் மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மறுபடி நூற்கத் தொடங்கினாள்.

தூரத்து மலைச்சரிவில் வளரும் ஆர்ச்சா என்ற ஊசியிலைப் புதரின் கிளைகளை ஒடித்து வந்து ஆட்டுக்கறியோடு வேகவைத்தான். ஊரில் ஆர்ச்சாவைக் கொளுத்துவது நோயையும் பேயையும் விரட்டத்தான். யாரும் அதைச் சமைத்ததில்லை. வாசனை தெருவை எட்டியதும் குல்சுன் அக்கா ரொட்டியும் கண்ணீருமாக வந்துவிட்டாள். பின்னாலேயே நாலு பெண்கள்.

"யாருக்குடா முடியல? உங்கப்பாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. சூப்பு வச்சேன்."

"மறைக்காத. வந்தது வந்துட்டோம், அழுதுட்டே போறோம்."

அழுதார்கள். சூப்பையும் அவர்களே குடித்துத் தீர்த்தார்கள். ஜிபார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது காடு இல்ல, ஆஸ்பத்திரி," என்றாள்.

ஏர்மெக் அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டான். கிசில்-உங்குரில் அக்ரூட் காட்டுக்கு நடுவிலேயே வீடு. அவளுக்குத் தெரியாததா?

"அத்தை, காட்டை எப்படிச் சமைக்கிறது?"

"என் பொண்ணை எப்ப கூட்டிட்டு வர்றீங்க மாப்பிள்ளை?"

"கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவை வரும்போது சீரோட முறையா வரணுமில்ல? சீர் ஆடு இன்னும் கொழுக்கல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு அப்பா சொல்லிட்டாரு. நீங்க சமையலைச் சொல்லுங்க."

மாமியார் மூக்கைச் சிந்தினாள். பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவள் அனுப்பிய பச்சைத் தோலோடு ஒரு மூட்டை அக்ரூட்டும், காட்டில் உதிர்ந்து மண்ணாய் மக்கிய இலைமக்கு ஒரு மூட்டையும் லாரியில் வந்து இறங்கின.

தோலை இடித்துக் கஷாயம் வைத்தான். கசப்பு வந்தது, கூடவே கறையும் வந்தது. ஜிபாரின் உதடு, பல், நாக்கு எல்லாம் தார் பூசியதுபோல் கறுத்துவிட்டன. அப்பா அவளைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போனார்.

கடைசியாக, மழை வாசனைக்காக அடுப்பங்கரையில் இலைமக்கைப் பரப்பித் தண்ணீர் தெளித்தான். அதிலிருந்த எறும்புகள் மாவு மூட்டைக்குக் குடிபோயின. ஜிபார் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு இலையை எடுத்து முகர்ந்தாள், கன்னத்தில் ஒத்திக்கொண்டாள், ஓவென்று அழுதாள்.

"காரம் பத்தலையா?" என்று கேட்டான் ஏர்மெக்.

அவள் இன்னும் பலமாக அழுதாள்.

அவன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கையெல்லாம் கறை, வீடெல்லாம் எறும்பு, உள்ளே எலும்பும் தோலுமாகப் பெண்டாட்டி. அவனுக்கும் அழுகை முட்டியது.

"என்னால முடியலம்மா. அவளும் போயிருவா, பிள்ளையும் போயிரும். இன்னும் ரெண்டு லாரி மண்ணுக்குச் சொல்லட்டுமா?"

அம்மா நூற்பதை நிறுத்தினாள்.

"நீ வயித்துல இருந்தப்ப எனக்கும் இப்படித்தான். எங்க ஊரு உப்புமலைக் காத்து வேணும்னு உங்கப்பாகிட்ட கேட்டேன்."

"அப்பா என்ன பண்ணினாரு?"

"மூட்டை மூட்டையா உப்பைக் கொண்டாந்து இறக்கினாரு. இன்னிக்கும் அதைத்தான் போட்டுச் சமைக்கிறேன். ஊருக்கு, எங்கம்மா செத்தப்பதான் கூட்டிட்டுப் போனாரு."